வஜ்ஜிரமும் வெள்ளைப் பசையும்

மட்டாஞ்சேரி
9-2-1975

மாப்பிள்ளை சுப்புராஜுக்கு இசக்கிமுத்து எழுதுவது.

நீங்களும் வீரலட்சுமியும் பிள்ளைகளும் களமசேரியில் வீடு பிடித்துவிட்டீர்கள் என்று அரிசி லாரி ஓட்டுகிற அழகர் வந்து சொன்னான். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த வீட்டுச் செய்தி எனக்கு லாரிக்காரன் வாயால் வர வேண்டியிருக்கிறது. நான் உங்களைப் போகச் சொல்லவில்லை. கோபத்தில் நாலு வார்த்தை கூடப் பேசியிருப்பேன். அதற்காக ஐந்து வருஷம் ஒரே பட்டறையில் நின்ற மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் சாமான் கட்டிக்கொண்டு படகேறுவாரா?

மனதைக் கிளற வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. சர்ச் பாட்டுக்குழுவுக்கு ஆறு கிதார். என் கையில் விட்டிருந்தால் பலகையைக் காயப்போட்டு, பதம் பார்த்து, ஒன்றரை வருஷம் எடுத்திருப்பேன். நீங்கள் நாலு மாதம் போதும் என்றீர்கள். முதுகுக்கு ஒட்டுப்பலகை, கழுத்துக்குள் இரும்புக் கம்பி, தோல் காய்ச்சி எடுக்கிற வஜ்ஜிரத்துக்குப் பதிலாக எறணாகுளத்திலிருந்து டின்னில் வந்த வெள்ளைப் பசை. சரி, இள ரத்தம், செய்து பார்க்கட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். என்ன ஆயிற்று? சர்ச் பெருநாள் காலையில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், குழுவில் வாசிக்கிற ரோஸிப் பெண்ணின் கிதாரில் குதிரை பெயர்ந்து தெறித்தது. ஆறு கம்பியின் இழுப்பையும் தாங்குவது வயிற்றுப் பலகையில் ஒட்டிய அந்த ஒரு கட்டைதான். அது விரலில் அடித்து அந்தப் பெண்ணுக்கு நாலு தையல். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று பெயர்ந்தன.

பாட்டு சொல்லித்தருகிற அகஸ்டின் மாஷ் வந்து, இதை ஒட்டியது யார் என்று கேட்டார். மாப்பிள்ளை என்றேன். பட்டறையின் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? பெயர்ந்த நாலையும் என் செலவில் திரும்ப ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் உளிப்பெட்டி இங்கேயே கிடக்கிறது. சொன்னால் அழகரிடம் கொடுத்துவிடுகிறேன். வீரலட்சுமி எனக்கு முகம் கொடுத்துப் பேசாமல்தான் புறப்பட்டாள். நான் என்ன செய்தேன் என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள்.

இசக்கிமுத்து


களமசேரி
2-3-1975

மச்சானுக்கு சுப்புராஜ் எழுதிக்கொண்டது.

இங்கே ஒரு பிளைவுட் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். மெல்லிய மரத்தகடுகளை அடுக்கிப் பசை தடவி அழுத்துகிற பகுதியில் வேலை. மெஷின் சத்தத்தில் எதையும் யோசிக்க முடிவதில்லை. இப்போதைக்கு அது நல்லதுதான்.

நீங்கள் எழுதியது சரி. ஒட்டியது நான், குற்றமும் என்னுடையது. வருவதற்கு முன்னால் ரோஸியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா சாயா கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைக் குடிக்க முடியாமல் வைத்துவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் குடித்திருப்பேனோ என்னவோ.

உங்கள் முறை தப்பு என்று நான் எப்போதும் சொன்னதில்லை மச்சான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் வஜ்ஜிரம் ஈரம் குடித்து இளகுகிறது, அதற்கு ஒரு வழி வேண்டும் என்றுதான் சொன்னேன். வழி தேடப்போய் ஒரு பெண்ணின் விரலைக் கெடுத்துவிட்டேன். இனிமேல் கிதாரைத் தொடுவதில்லை. உளிப்பெட்டி உங்களிடமே இருக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். ஆறு குதிரையையும் ஒரே நாளில், ஒரே டின் பசையில், ஒரே மாதிரித் திருகு இறுக்கி போட்டு ஒட்டினேன். நாலு பெயர்ந்தது, இரண்டு நிற்கிறது. ஏன்? பெயர்ந்த இடங்களை நான் வந்து பார்ப்பதற்குள் நீங்கள் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டிருந்தீர்கள். உள்ளே என்ன கண்டீர்கள் என்று எழுதினால் என் தப்பு எனக்குத் தெரியும்.

வீரலட்சுமியிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
20-3-1975

மாப்பிள்ளைக்கு,

போனதைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். பசை பிடிக்கவில்லை, பெயர்ந்தது, அவ்வளவுதான். மிச்சம் இரண்டும் இன்றைக்கோ நாளைக்கோ பெயரும். உத்தியோகத்தைப் பாருங்கள். பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேருங்கள்.

இசக்கிமுத்து


களமசேரி
14-8-1983

மச்சானுக்கு சுப்புராஜ்.

எட்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லாரும் சௌக்கியம். தீபாவளிக்கு அங்கே வந்துபோகிற உங்கள் தங்கச்சி சொல்லியிருப்பாள், பெரியவள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலையாளத்தில் கதை கதையாக எழுதுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் வெங்கிடேஸ்வரன் என்று ஒருவர் கிதார் செய்கிற ஃபாக்டரி தொடங்குகிறார். பலகை வாங்க எங்கள் கம்பெனிக்கு வந்தவர், நான் பசை போடுகிற பக்குவத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். முன்னால் கிதார் செய்தவன் என்று தெரிந்ததும் விடவில்லை. ஒட்டுகிற பகுதி முழுவதுக்கும் என்னைத் தலைமையாக வைக்க வேண்டும் என்கிறார். முப்பது ஆட்கள், குடியிருக்க வீடு. செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போக ஆசையாக இருக்கிறது மச்சான். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பிளைவுட் பலகை லாரியில் ஏறிப் போகும்போது அது என்னவாகப் போகிறதென்று எனக்குத் தெரியாது. கிதார் என்றால் அது பாடுவதைக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவோம். ஆனால் என் தப்பு என்னவென்று தெரியாமல் முப்பது பேருக்கு நான் எதைச் சொல்லிக்கொடுப்பது? அங்கே மாதம் நூறு கிதார் செய்வார்கள். நூறு வீட்டில் நூறு பிள்ளைகள் மடியில் வைத்து வாசிக்கும்.

வீட்டில் துண்டுப் பலகையில் நாற்பது கட்டை ஒட்டிப் பார்த்தேன். அதே வெள்ளைப் பசை, அதே இறுக்கி. ஒவ்வொன்றிலும் அம்மிக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். பலகை கிழிந்தது, ஒட்டு விடவில்லை. அப்படியானால் அன்றைக்கு ஏன் விட்டது? வீரலட்சுமி ஆரம்பத்திலிருந்தே, அது என் தப்பில்லை என்கிறாள். பசையைப் பற்றி உனக்கென்ன தெரியும், உன் அண்ணனுக்குத் தெரியாததா என்று கத்துவேன். ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் அளந்து அளந்துதான் பேச்சு.

பெயர்ந்த இடத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நீங்கள். எனக்கு வலிக்கும் என்று மூடி வைக்க வேண்டாம். உண்மையை எழுதுங்கள்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
22-8-1983

மாப்பிள்ளைக்கு இசக்கிமுத்து.

கடிதம் கிடைத்தது. மகள் கதை எழுதுவது ரொம்ப சந்தோஷம். இங்கே இந்த வருஷம் மழை தள்ளிப்போய், வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டது. பஜார் ரோட்டில் முழங்கால் தண்ணீர், கிடங்குகளில் மிளகு மூட்டை பூசணம் பிடித்துக் கிடக்கிறது. பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். வேலைக்குக் குறைவில்லை. முன்னைப்போல வஜ்ஜிரம் காய்ச்சிக்கொண்டு நிற்க நேரமும் இல்லை, அந்த நாற்றம் அக்கம்பக்கத்தாருக்கு ஆவதும் இல்லை. டின்னைத் திறந்தோமா, தடவினோமா என்று வேலை ஓடுகிறது.

நீங்கள் கோயம்புத்தூருக்குப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு போங்கள். என்னிடம் கேட்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. எட்டு வருஷமாயிற்று, எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை. தங்கச்சியை ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் மேல் ஒரு பிழையும் கிடையாது.

இசக்கிமுத்து


களமசேரி
25-8-1983

மச்சானுக்கு,

டின்னைத் திறந்து தடவுகிறீர்களா? வெள்ளைப் பசையையா? எத்தனை வருஷமாக? அதில் ஒரு குதிரையாவது பெயர்ந்து வந்ததா?

உங்களை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அந்தப் பசையில் நீங்கள் ஒட்டினால் நிற்கிறது, நான் ஒட்டினால் விடுகிறது என்றால் தப்பு பசையில் இல்லை, என் கையில் இருக்கிறது. அந்தக் கையோடு கோயம்புத்தூருக்குப் போக எனக்குத் தைரியமில்லை. நேரில் வந்து கேட்டிருப்பேன். மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்க இன்னும் கூசுகிறது.

ஐந்தாம் தேதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால், நான் வேலைக்கு வரவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுவேன்.

சுப்புராஜ்


மட்டாஞ்சேரி
11-9-1983

மாப்பிள்ளைக்கு,

ஐந்தாம் தேதி போய்விட்டது என்று எனக்குத் தெரியும். இருபத்தொன்பதாம் தேதியிலிருந்து இதை எழுதுகிறேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவதை உறையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்கும் பட்டறைக்குமாக நடந்தேன். வேர்வையில் உறை நைந்துபோய்விட்டது. இது ஐந்தாவது.

உங்கள் கையில் தப்பில்லை. பசையிலும் இல்லை. நான்தான்.

எழுபத்துநாலு நவம்பரில், ஆறு கிதாரும் முடிந்து பாலிஷ் போட்டு வரிசையாகச் சாத்தியிருந்தன. மத்தியானம் நீங்கள் கம்பி வாங்க எறணாகுளத்துக்குப் படகேறினீர்கள். நாலு மணிக்கு சர்ச்சிலிருந்து ஆள் வந்து கிதார்களை எடுத்துப்போவதாகவும், மறுநாள் நீங்கள் அங்கே போய்க் கம்பி மாட்டித் தருவதாகவும் ஏற்பாடு. நீங்கள் போனதும் நான் கதவைச் சாத்தினேன். கத்தியை அடுப்பில் காட்டிக் குதிரைக்கு அடியில் விட்டேன். சூடு பட்டால் வெள்ளைப் பசை இளகிவிடும், உங்களுக்கே தெரியும். குதிரையைக் கழற்றி எடுத்து வஜ்ஜிரம் தடவித் திரும்ப ஒட்டினேன். ஒன்று, இரண்டு என்று நாலு ஆயிற்று. ஐந்தாவதைத் தொடுவதற்குள் ஆள் வந்துவிட்டான். வாசலில் தூக்குச்சட்டியில் சோறு இருந்தது. யார் எப்போது கொண்டுவந்து வைத்தார்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

உங்கள் ஒட்டு விட்டுவிடும் என்ற பயத்தில் செய்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய் மாப்பிள்ளை. விடாமல் நின்றுவிடுமோ என்றுதான் பயந்தேன். நாலு மாதத்தில் நீங்கள் செய்த கிதாரைத் தட்டிப் பார்த்துவிட்டு அகஸ்டின் மாஷ், "இசக்கி, இது உன் பழைய கிதாரை விட நல்லா பேசுதே" என்றார். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. நான் உடைந்து வந்த கிதார்களைத் திறந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கற்றவன். என் கிதார்கள் வருஷா வருஷம் மழைக்குத் திரும்பி வரும். அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை, மழை என்றுதான் சொன்னார்கள். உங்களுடையது திரும்பி வராவிட்டால் என் குற்றம் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். குதிரையாவது என் வஜ்ஜிரத்தில் நிற்கட்டும், நின்றால் அது என்னால் நின்றது என்று நான் ஒருவனாவது நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. வெள்ளைப் பசையை மரம் குடித்துவிட்டால், சுரண்டி வெறும் மரத்தை எடுக்காமல் அதன்மேல் வஜ்ஜிரம் பிடிக்காது. நான் சுரண்டவில்லை, அவசரம். ரோஸியின் கிதார் திரும்பி வந்ததும் பார்த்தேன். என் வஜ்ஜிரம் அப்பளம் போல முழுசாகக் கழன்று வந்தது. அடியில் உங்கள் பசை, ஒரு இடத்தில்கூட விடாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாஷ் பக்கத்தில் நின்று, ஒட்டியது யார் என்று கேட்டார். மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். முதலில் ஒட்டியது நீங்கள்தானே, அதனால் பொய் இல்லை என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் பண்ணிக்கொண்டேன். நீங்கள் பார்க்க வருவதற்குள் எல்லாவற்றையும் சுரண்டினேன்.

உங்களைத் துரத்திவிட்டு மூன்றாவது வருஷமே வெள்ளைப் பசைக்கு மாறிவிட்டேன். ஒட்டுப்பலகை முதுகு, கழுத்துக்கு இரும்புக் கம்பி, எல்லாம் நீங்கள் சொன்ன முறைதான். ஒன்றும் பெயர்ந்து வரவில்லை. ஒவ்வொரு டின்னைத் திறக்கும்போதும் உங்கள் ஞாபகம் வரும். மூடிவிடுவேன்.

நான் தொடாத இரண்டும் சர்ச்சில் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். போன ஞாயிறு போய்த் தடவிப் பார்த்தேன். மாஷிடம் நடந்ததைச் சொன்னேன். என்னை அடிப்பார், ஜனத்தைக் கூட்டிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன்கூட ஒரு ஆள் இருந்தானோ?" என்று கேட்டார். உங்கள் முகமே அவருக்கு ஞாபகம் இல்லை. கழிஞ்ஞ காரியமல்லே, முடிந்துபோன விஷயம்தானே என்று சொல்லிச் சாயா வாங்கிக் கொடுத்தார். நாலு கிதாரையும் கூலி வாங்காமல் ஒட்டித்தந்த நல்ல மனிதன் என்றுதான் என்னை அங்கே சொல்கிறார்களாம். அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

தனித் தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு அனுப்புங்கள். இன்னும் இடம் இருந்தால் நான் நேரில் போய் அவர் காலில் விழுந்தும் சொல்வேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நீங்கள் போகாமல் இருந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான்.

இசக்கிமுத்து


களமசேரி
18-9-1983

மச்சான்,

மூன்றாம் தேதி மத்தியானம் வரை தபால்காரரைப் பார்த்துவிட்டு, நான் வேலைக்கு வரவில்லை என்று கோயம்புத்தூருக்கு ரிஜிஸ்டர் தபாலில் எழுதிப் போட்டேன். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே வெங்கிடேஸ்வரனுக்கு டெலிபோன் செய்தேன். திருச்சூரிலிருந்து ஒரு ஆளை எடுத்துவிட்டார்களாம். நீங்கள் காலில் விழுந்தாலும் பயனில்லை. கவலைப்படாதீர்கள் என்று எழுத வந்தது. பழக்க தோஷம். கவலைப்படுங்கள்.

உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது கோபம் வரவில்லை. என் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருஷமாக அதை நான் நம்பவில்லை. பிள்ளைகளைத் தூக்கும்போதுகூட, விட்டுவிடுமோ என்று இறுக்கிப் பிடித்திருக்கிறேன். கோபம் மறுநாள் கம்பெனியில்தான் வந்தது. பாதி வேலையில் வெளியே போய் நின்றேன். உங்கள் வஜ்ஜிரம் மேல் கோபமில்லை. தெரியாமல் செய்த தப்பு, எந்தத் தச்சனும் செய்வான். தெரிந்த பிறகு சுரண்டினீர்களே, அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கையெழுத்துப் போட்ட தாளை வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. என்னைப் பழி சொன்னவர்களுக்கே என்னை ஞாபகம் இல்லை என்கிறீர்கள்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக.

இன்று காலையில் உங்கள் கடிதத்தை வீரலட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். கப்பைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். துள்ளிக் குதிப்பாள், நான் அப்போதே சொன்னேனே என்பாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

அந்தத் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தது அவள்தான் மச்சான். கதவு சாத்தியிருந்ததால் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். நீங்கள் குதிரையைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அப்போது அவளுக்கு அது இன்னதென்று புரியவில்லை. பெருநாளன்று புரிந்திருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எனக்கு அண்ணன் இல்லாமப் போயிரும். சொல்லலன்னா நீங்க இப்படிக் கெடந்து சாவுறீங்க. அண்ணனே ஒருநாள் சொல்லிரும்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதுக்காகத்தான் அங்க போனேன்" என்றாள்.

நீங்கள் செய்ததற்கு அவள் எட்டு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அதிலும் சும்மா இருக்காமல், "உங்க தப்பில்ல, உங்க தப்பில்ல" என்று தன்னால் சொல்ல முடிந்த அளவு உண்மையை எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தட்டைத் தள்ளினேன். சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். உங்களை நான் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். அவளிடம் எந்த முகத்தோடு பேசுவேன்?

கடைசியாக ஒன்று கேட்டாள். "இனிமே எங்கூடப் பேசுவீங்களா, இல்ல இதுக்கும் சேத்துப் பேசாம இருப்பீங்களா?" எழுந்து வந்து, பேனாவை எடுத்துக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரமாயிற்று. அவள் இன்னும் அடுக்களையில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சீவிய கப்பை தண்ணீர் ஊற்றாமல் கறுத்துக் கிடக்கிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நாளைத் தள்ளுவது எப்படி நடக்கிறது என்று உங்கள் கடிதத்தை வாசிக்கும்போது எனக்குப் புரியவில்லை. இப்போது நன்றாகப் புரிகிறது. உங்களுக்கு எழுத இன்னும் நிறைய இருக்கிறது, அது கிடக்கட்டும். நான் உள்ளே போய் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சுப்புராஜ்